தண்ணீர்த் தொட்டியில் புது ஆன்டெனா: தாங்குமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் அமெரிக்காவின் நடுமேற்கு மாநிலங்களில் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியராக இருக்கிறேன். ஊருக்கு ஊர் நிற்கும் எஃகுத் தண்ணீர்த் தொட்டிகளில் செல்போன் நிறுவனங்கள் பழைய ஆன்டெனாவைக் கழற்றிப் புதியதை மாட்டும்போது, தொட்டி தாங்குமா என்று பார்த்துச் சொல்வது என் வேலை. என்னோடு கணக்குப் போடும் பிள்ளைகளில் பலர் சென்னையிலும் கோவையிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தத் தொட்டிகளில் ஒன்றைக்கூட அவர்கள் நேரில் பார்த்ததில்லை. போனில் அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், நகராட்சிக் கூட்டங்களில் ஊர்க்காரர்கள் கேட்டவற்றையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன்.

டவர் கட்டாமல் ஏன் தண்ணீர்த் தொட்டியில் வைக்கிறார்கள்?

இல்லினாய், அயோவா, நெப்ராஸ்கா பக்கமெல்லாம் கண்ணுக்கெட்டிய தூரம் சோளக்காடு. ஊரில் உயரமாக நிற்பது தண்ணீர்த் தொட்டியும் தானியக் கிடங்கும்தான். தொட்டி ஏற்கெனவே 30, 40 மீட்டர் உயரத்தில் நிற்கிறது. புது டவருக்கு நிலமும் அனுமதியும் தேடி அலைய வேண்டாம். நகராட்சிக்கும் மாத வாடகை வருகிறது.

இப்போது ஏன் எல்லாத் தொட்டியிலும் மாற்றுகிறார்கள்?

2020இல் டி-மொபைலும் ஸ்பிரின்ட்டும் ஒன்றாயின. 2021இல் 5ஜிக்கான சி-பேண்ட் அலைவரிசை ஏலம் முடிந்தது. 2022இல் 3ஜி சேவைகள் நிறுத்தப்பட்டன. ஒவ்வொன்றுக்கும் தொட்டிமேல் ஏதோ ஒன்று கழன்றது, ஏதோ ஒன்று ஏறியது. முன்பு தரையில் கேபினட்டுக்குள் இருந்த ரேடியோப் பெட்டிகள் இப்போது ஆன்டெனாவுக்குப் பின்னாலேயே மாட்டப்படுகின்றன. அதனால் கீழிருந்த பாரம் மேலே போய்விட்டது.

5 லட்சம் கேலன் தொட்டி கிட்டத்தட்ட 1,890 டன் தண்ணீரைத் தாங்குகிறது. 40 கிலோ ஆன்டெனா அதற்கு ஒரு பாரமா?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். எடையை மட்டும் பார்த்தால் பாரமே இல்லை. ஆனால் ஆன்டெனாவின் எடையைவிட, அது பிடிக்கும் காற்றுதான் பெரிது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2.4 மீட்டர் உயரம், அரை மீட்டர் அகலம் உள்ள ஒரு பேனல் ஆன்டெனா. காற்று மணிக்கு 115 மைல், அதாவது வினாடிக்கு 51.4 மீட்டர். வேகத்தின் வர்க்கத்தை 0.613ஆல் பெருக்கினால் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 1,620 நியூட்டன். 40 மீட்டர் உயரத்துக்கும் திறந்த வெளிக்கும் உரிய காரணிகளைச் சேர்த்தால் ஏறத்தாழ 2,000. பரப்பு 1.2 சதுர மீட்டர், வடிவக் காரணி 1.3 என்று வைத்தால் ஒரு ஆன்டெனாமேல் 3,100 நியூட்டன் வருகிறது. 40 கிலோ பொருளைக் காற்று 320 கிலோ விசையோடு பக்கவாட்டில் தள்ளுகிறது.

அந்த 320 கிலோ எங்கே போய் இறங்குகிறது என்று அடுத்து கேளுங்கள். பல தொட்டிகளில் ஆன்டெனாக் குழாயை, தொட்டியைச் சுற்றி ஆள் நடக்க வைத்த பால்கனியின் கைப்பிடிக் கம்பியில் கிளாம்ப் போட்டு மாட்டியிருப்பார்கள். அந்தக் கைப்பிடி ஆள் சாய்ந்தால் விழாமலிருக்க வைத்தது. அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதிப்படி அது தாங்க வேண்டியது 200 பவுண்டு தள்ளுதல், சுமார் 91 கிலோ. 320 என்பது உச்சநிலைக் காற்றுக்கான எண். அதை அன்றாட வடிவமைப்பு அளவுக்கு 0.6ஆல் குறைத்தாலும் 190 கிலோ வருகிறது, கைப்பிடிக்கு விதித்ததைப் போல் இரண்டு மடங்கு. 1,890 டன்னைத் தாங்கும் தொட்டிக்கு ஒன்றும் ஆகாது. ஒரு விரல் தடிமன் கம்பியும் அதன் அடியிலுள்ள வெல்டும்தான் போகும். ஆன்டெனாவோடு அதுவும் கீழே விழுந்தால், அடியில் பெரும்பாலும் பூங்காவோ பள்ளிக்கூட மைதானமோதான் இருக்கும்.

ஆகவே இரண்டு கணக்குகள் தனித்தனியாக வேண்டும். ஒன்று, தொட்டி முழுவதும் தாங்குமா. மற்றது, ஆன்டெனாவைப் பிடிக்கும் மவுன்ட்டும் அது தொட்டியைத் தொடும் இடமும் தாங்குமா. பிந்தையதைப் பல வருடங்கள் யாரும் ஒழுங்காகப் போடவில்லை. "பழசுக்குப் பதில் புதுசு, அவ்வளவுதானே" என்று விட்டுவிட்டார்கள்.

அப்படியானால் முழுத் தொட்டிக்கும் கணக்கே வேண்டாமா?

வேண்டும், அதிலும் சின்னத் தொட்டிக்குக் கட்டாயம் வேண்டும். தொட்டியை ஒரு உருண்டையாக நினைத்துக்கொள்ளுங்கள். 5 லட்சம் கேலன் கொள்ள 15 மீட்டருக்குச் சற்று அதிகமான விட்டம் போதும். காற்று முட்டும் பரப்பு 185 சதுர மீட்டர். உருண்டை வடிவம் காற்றை வழுக்கிவிடும் என்பதால் காரணி 0.5. மேலே சொன்ன காற்றழுத்தத்துக்கு 185 கிலோநியூட்டன் வருகிறது. ஒரே சமயத்தில் காற்றை முழுதாக எதிர்கொள்ளும் ஆறு ஆன்டெனாக்கள் சுமார் 19 கிலோநியூட்டனைக் கூட்டுகின்றன. தொட்டிக்கு வருவதில் பத்தில் ஒரு பங்கு.

இனி 50,000 கேலன் தொட்டி. விட்டம் 7 மீட்டர், பரப்பு 40 சதுர மீட்டர், தொட்டிக்கு வரும் காற்று விசை 40 கிலோநியூட்டன். அதே ஆறு ஆன்டெனா, அதே 19. இப்போது கிட்டத்தட்ட பாதி! தொட்டி சிறுத்ததற்காக ஆன்டெனா சிறுக்காது. சின்ன ஊர்களின் பழைய நாலுகால் தொட்டிகளைக் கண்டால் எனக்குப் பயம் வருவதற்கு இதுதான் காரணம். இது கை மதிப்பீடுதான். கால்களும் நடுக்குழாயும் பிடிக்கும் காற்று இதில் சேரவில்லை. ஆனால் கவனம் எங்கே இருக்க வேண்டும் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று. வளைந்த பரப்பின் பக்கவாட்டில் காற்று வேகமெடுத்துப் பாயும். அந்த இடத்தில் ஒட்டி நிற்கும் ஆன்டெனாவுக்குத் திறந்த வெளியில் வரும் காற்றைவிட அதிகமாகவே வரும். அங்கே எண்களை இறுக்கிப் பிடிக்காதீர்கள்.

தொட்டி நிரம்பியிருப்பதாக வைத்துப் பார்ப்பதா, காலியாக வைத்துப் பார்ப்பதா?

இரண்டும். நிரம்பியிருக்கும்போது காற்றடித்தால் காற்றுக்கு மறுபக்கக் கால்களில் அமுக்கம் உச்சத்துக்குப் போகும். காலியாக இருக்கும்போது அடித்தால் காற்றுப் பக்கக் கால் தூக்கும். அங்கே ஆங்கர் போல்ட்டும் அஸ்திவாரத்தின் எடையும்தான் பிடித்து நிறுத்த வேண்டும். பெயின்ட் அடிக்கத் தொட்டியை வாரக்கணக்கில் காலி செய்துவைப்பது வழக்கம், எனவே "காலியாக எங்கே இருக்கப்போகிறது" என்று ஒதுக்க முடியாது. நிலநடுக்கத்தில் விஷயம் தலைகீழ். விசை நிறையைப் பொறுத்தது, நிறை முழுவதும் தண்ணீர். 1811–12இல் பெரும் நிலநடுக்கங்கள் கண்ட நியூ மாட்ரிட் பகுதியில்கூட, ஒரு டன் ஆன்டெனாவும் கேபிளும் சேர்ந்தால் பெரிய தொட்டியின் நிலநடுக்கக் கணக்கு அசையாது.

எந்த விதிநூலைப் பின்பற்றுவது?

வெல்டிங் செய்த எஃகுத் தொட்டிக்கு ஏடபிள்யூடபிள்யூஏ டி100. காற்று, பனி, நிலநடுக்கத்துக்கு ஏஎஸ்சிஇ 7. ஆன்டெனாவுக்கும் மவுன்ட்டுக்கும் டிஐஏ-222. இவை மூன்றும் ஒரே மொழி பேசுவதில்லை, பிழைகள் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் நுழைகின்றன.

நான் அதிகம் திருத்தியது இரண்டு பிழைகள். முதலாவது காற்று வேகம். ஏஎஸ்சிஇ 7இன் 2010 பதிப்பிலிருந்து வரைபடத்தில் இருப்பது உச்சநிலை வேகம். டி100 போடும் கணக்கோ அனுமதித்த தகைவு முறை, அதாவது உச்சநிலை விசையை அல்லாமல் அன்றாட வடிவமைப்பு விசையை வைத்துப் போடுவது. 115 மைலில் வரும் விசையை 0.6ஆல் பெருக்கித்தான் உள்ளே கொண்டுபோக வேண்டும். சரிபார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. 115ஐ 0.6இன் வர்க்கமூலத்தால் பெருக்கினால் 89. பழைய வரைபடங்களில் இதே ஊர்களுக்கு இருந்த எண் 90. உங்கள் விடை பழைய அறிக்கையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் தாவினால் முதலில் இங்கே தேடுங்கள்.

இரண்டாவது, அபாய வகை, அதாவது இடிந்தால் எவ்வளவு பாதிப்பு என்பதை வைத்துக் கட்டமைப்புகளைப் பிரிப்பது. சாதாரண செல்போன் டவரை வகை 2இல் வைப்பார்கள். தீயணைப்புக்கு நீரழுத்தம் தரும் தொட்டி வகை 4. அதே 2010 பதிப்பில், நாட்டின் நடுப்பகுதியில் பெரும்பாலான இடங்களுக்கு வகை 2 என்றால் 115 மைல், வகை 3, 4 என்றால் 120. ஐந்து மைல்தானே என்று தோன்றும். வர்க்கத்தில் அது ஒன்பது சதவீதம். புயலடித்த இரவில்தான் தீயும் பிடிக்கும். அப்போது அந்தத் தொட்டி நிற்க வேண்டும்.

பனியையும் விட்டுவிடாதீர்கள். வட மாநிலங்களில் உறைமழை பெய்தால் ஆன்டெனா, குழாய், கேபிள் எல்லாவற்றின்மேலும் கண்ணாடி போல ஓர் உறை ஏறிவிடும். எடை கூடும், காற்றுப் பிடிக்கும் பரப்பும் கூடும். பேனலைவிட மெல்லிய குழாய்களுக்குத்தான் இது விகிதத்தில் பெரிய அடி.

"ஐந்து சதவீதத்துக்குள் கூடினால் கணக்கே தேவையில்லை" என்கிறார்களே?

பழைய கட்டடங்களுக்கான விதிநூலில் அப்படி ஒரு சலுகை உண்டு. நிலைப்பாரத்துக்கு 5 சதவீதம், பக்கவாட்டு விசைக்கு 10 சதவீதம். ஆனால் கட்டிய நாளிலிருந்து கூடிய எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும் என்றும் அதே நூல் சொல்கிறது. ஒரு நிறுவனம் வந்து நான்கு சதவீதம், அடுத்தது வந்து நான்கு, மூன்றாவது வந்து நான்கு. ஒவ்வொருவரும் முந்தைய நிலையோடு ஒப்பிட்டு "ஐந்துக்குள்தான்" என்று எழுதியிருப்பார்கள். கூட்டிப் பார்த்தவர் யாரும் இருக்க மாட்டார். முந்தைய அறிக்கையோடு ஒப்பிடாமல் 1960களில் கட்டிய நிலையோடு ஒப்பிடச் சொல்லி நான் பிடிவாதம் பிடிப்பது இதனால்தான்.

தொட்டியின் வரைபடம் கிடைக்கவில்லை. என்ன செய்வது?

முதலில் தொட்டியில் பொறித்த பெயர்த்தகட்டைப் புகைப்படம் எடுங்கள். யார் கட்டியது, எந்த வருடம், எத்தனை கேலன் என்பது அதில் இருக்கும். சிகாகோ பிரிட்ஜ் அண்ட் அயர்ன், பிட்ஸ்பர்க்-டி மாயின், கால்டுவெல் போன்ற பெயர்கள்தான் பெரும்பாலும் வரும். சில சமயம் அந்த வழியில் தேடிப்போனால் மூல வரைபடமே கிடைத்துவிடும்.

கிடைக்காவிட்டால் அளக்க வேண்டியதுதான். தகட்டின் தடிமனை அல்ட்ராசோனிக் கருவியால் அளப்போம். இரண்டு விரல் அகலத்துக்குப் பெயின்ட்டைத் துடைத்துச் சுத்தம் செய்து, ஜெல் தடவி, நாணயம் போன்ற முனையை அழுத்திப் பிடித்தால் திரையில் எண் தோன்றி நடுங்கி நிற்கும். 0.31 அங்குலம் வரும் என்று எதிர்பார்த்த இடத்தில் 0.24 வந்தால் அந்தத் தகட்டின் கதை அதிலேயே தெரிந்துவிடும். ஒரு இடத்தில் அளந்துவிட்டு வரக் கூடாது. ஒவ்வொரு கால், ஒவ்வொரு வளையம், தண்ணீர் தேங்கும் ஒவ்வொரு மூலை என்று அளக்க வேண்டும். பெயின்ட்டையும் சேர்த்து அளந்துவிட்டால் எஃகு இருப்பதைவிடத் தடிமனாகக் காட்டும். அதையும் கவனியுங்கள்.

அஸ்திவாரம்தான் தலைவலி. அது மண்ணுக்குள் இருக்கிறது. தோண்டிப் பார்க்கலாம், கான்கிரீட்டில் துளையிட்டு ஆழம் அறியலாம், மண் பரிசோதனை செய்யலாம். எதுவும் செய்யாமல் "அஸ்திவாரம் போதுமானது" என்று எழுதுவது மட்டும் கூடாது.

நேரில் ஏறிப் பார்ப்பது அவசியமா? ட்ரோன் படங்கள் போதாதா?

ட்ரோன் நல்ல கருவி. ஆனால் அதற்குக் கை இல்லை.

ஒரு நாலுகால் தொட்டிக்குப் போயிருந்தேன். கணக்குப்படி தாங்கும் திறனில் 87 சதவீதம்தான் விசை, எல்லாம் தேறிவிட்டது, போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் போனேன். கால்களுக்கு நடுவே குறுக்கே ஓடும் இழுவைக் கம்பிகளில் ஒன்றைக் கையால் பிடித்து அசைத்தேன். கயிறு மாதிரி ஆடியது. கம்பியை இறுக்க அதிலிருந்த டர்ன்பக்கிள் என்ற திருகை ஸ்பேனர் இல்லாமல் வெறும் விரலால் திருக முடிந்தது. கணினியில் அந்தக் கம்பி முழு விசையையும் தாங்குவதாக இருந்தது. நிஜத்தில் அது சும்மா தொங்கிக்கொண்டிருந்தது, அதன் பங்கை மற்ற கம்பிகள் சுமந்துகொண்டிருந்தன. படத்தில் அது நேராகத்தான் தெரிந்தது.

அதே தொட்டியின் பால்கனியில் ஒரு கைப்பிடிக் காலின் அடியில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. நகத்தால் சுரண்டினேன். பெயின்ட்டோடு துரு அடுக்கடுக்காகப் பெயர்ந்து வந்தது, உள்ளே வெல்ட் இருந்த இடத்தில் பழுப்புப் பொடி. அந்தக் கம்பியில்தான் புது ஆன்டெனாவை மாட்டுவதாக வரைந்திருந்தோம். அன்றிலிருந்து, யாராவது ஏறிப் பார்த்த குறிப்பு இல்லாத அறிக்கையை நான் கையெழுத்துக்கு எடுத்துக்கொள்வதில்லை.

மவுன்ட்டைத் தொட்டியில் வெல்டிங் செய்யலாமா?

செய்யலாம், ஆனால் எங்கே, எப்போது என்பதுதான் முக்கியம். தண்ணீர் தொடும் தகடு பல தொட்டிகளில் கால் அங்குலம்தான். அதன் உள்பக்கம் குடிநீருக்கென்று சான்று பெற்ற எபாக்சிப் பூச்சு. வெளியே வெல்டிங் செய்தால் சூடு தகட்டைத் தாண்டி உள்ளே போய்ப் பூச்சைக் கருக்கிவிடும். வெளியே பார்த்தால் புது பெயின்ட் அடித்து அழகாக இருக்கும். உள்ளே உரிந்த இடத்தில் துரு தின்ன ஆரம்பிக்கும். யாரும் பார்க்காத இடம். அடுத்த முறை தொட்டியைக் காலி செய்யும்போதுதான் தெரியவரும், அதற்குள் வருடங்கள் போயிருக்கும்.

எனவே தண்ணீர் தொடாத இடத்தைத் தேடுங்கள். ஒற்றைத்தூண் தொட்டியின் தூண் உலர்ந்த பகுதி. கூரையில் தண்ணீர் மட்டத்துக்கு மேலே வளையமாகக் குழாய் அமைத்து அதில் ஆன்டெனாக்களை நிறுத்துவது நல்ல வழி. தண்ணீர் தொடும் தகட்டில்தான் வேண்டும் என்றால், ஊர் எப்படியும் தொட்டியைக் காலி செய்து மறுபூச்சு அடிக்கும் சமயத்தோடு சேர்த்துச் செய்யுங்கள். விசையைப் பரப்ப அடியில் ஒரு தகடு வையுங்கள், அதன் மூலைகளை உருட்டிவிடுங்கள், சுற்றிலும் இடைவெளி விடாமல் வெல்ட் செய்யுங்கள். ஒரு ஓரம் திறந்திருந்தாலும் மழைநீர் நடுவில் புகுந்து இரண்டு தகட்டையும் துரு பிளந்துவிடும். பழைய தொட்டி என்றால் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று சோதிக்காமல் கிரைண்டரைத் தொடாதீர்கள், அந்தத் தூசி வேலையாளின் ரத்தத்துக்குத்தான் போகும்.

கேபிளுக்குக் கூரையில் ஒரு சின்னத் துளை போட்டால் என்ன?

1993இல் மிசூரி மாநிலத்தின் கிடியன் என்ற சிற்றூரில் குடிநீரால் சால்மொனெல்லா என்ற நோய்க்கிருமி பரவியது. ஊரில் பல நூறு பேர் வயிற்றுப்போக்கில் விழுந்தார்கள். முதியோர் இல்லத்தில் ஏழு பேர் இறந்தார்கள். விசாரித்தபோது விரல் நீண்டது தண்ணீர்த் தொட்டியின் பக்கம். சரியாக மூடாத கூரைவழியே பறவைகள் உள்ளே போயிருந்தன. அந்த ஊருக்கும் ஆன்டெனாவுக்கும் சம்பந்தம் இல்லை. ஆனால் சரியாக அடைக்காத எந்தத் துளையும் பறவைக்கும் பூச்சிக்கும் வாசல்தான், அதைப் போட்டது யாராக இருந்தாலும்.

கேபிள் வெளியேறும் ஒவ்வொரு இடமும் விளிம்பு உயர்த்தி, மழை புகாமல், சீல் வைத்து முடிக்கப்பட வேண்டும். காற்றுப்போக்கியின் வலையையும் ஆள் இறங்கும் மூடியையும் ஏணியையும் கேபிள் மறிக்கக் கூடாது. தொட்டி முதலில் ஊருக்குத் தண்ணீர் தருவதற்கு. ஆன்டெனா அங்கே வாடகைக்கு இருக்கிறது.

நகராட்சி "முடியாது" என்று சொல்ல முடியுமா? சட்டம் கட்டாயப்படுத்துகிறது என்கிறார்களே?

2012ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6409(அ) பிரிவைச் சொல்கிறார்கள். ஏற்கெனவே ஆன்டெனா உள்ள இடத்தில், வெளி அளவை பெரிதாக மாற்றாத மேம்பாட்டை உள்ளாட்சி மறுக்கக் கூடாது என்பது அது. விண்ணப்பத்துக்கு 60 நாள் கெடு. ஆனால் இது அனுமதி தரும் அரசாக நகராட்சி செயல்படும்போதுதான் பொருந்தும். தொட்டி ஊரின் சொத்து. சொந்தக்காரராக, வாடகைக்கு விடுபவராக நகராட்சி பேசும்போது ஒப்பந்தம்தான் பேசும் என்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி 2014இல் தெளிவாக்கியது. கட்டுமானப் பாதுகாப்பு விதிகளைக் கேட்கவும் ஊருக்கு உரிமை உண்டு. ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதிவையுங்கள்: ஒவ்வொரு மாற்றத்துக்கும் நிறுவனத்தின் செலவில் முழுக் கணக்கு, ஊர் சார்பில் வேறொரு இன்ஜினியரின் மறுபார்வை, பயன்படாத ஆன்டெனாவும் கேபிளும் இத்தனை நாளுக்குள் கீழே இறங்க வேண்டும். கடைசியானதைப் பலர் மறக்கிறார்கள். இணைப்பே இல்லாத தடித்த கோஆக்சியல் கேபிள்கள் கொத்துக் கொத்தாகத் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அதிலே தடித்த வகை, மீட்டருக்கு ஒரு கிலோவுக்கு மேல்.

மேலே வேலை செய்பவர்களுக்குக் கதிர்வீச்சு ஆபத்து உண்டா?

ஆன்டெனாவின் முகத்துக்கு நேரே, கையெட்டும் தூரத்தில் நிற்பவருக்கு உண்டு. பெயின்ட் அடிக்க, சோதிக்க ஏறும்போது அந்தப் பக்கத்தை நிறுத்திப் பூட்டிவைக்க வேண்டும். யாரைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்வது என்ற எண் ஏணியின் அடியிலேயே இருக்க வேண்டும்.

கணக்கு 100 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. திட்டம் அவ்வளவுதானா?

அவசியமில்லை. முதலில் செத்த ஆன்டெனாக்களை இறக்கிவிட்டுத் திரும்பப் போடுங்கள், பாதிச் சிக்கல் அங்கேயே தீரும். ரேடியோப் பெட்டிகளை, ஆன்டெனா காற்றை மறைக்கும் நிழலுக்குள் நகர்த்தலாம். கைப்பிடியை விட்டுவிட்டு பால்கனித் தரையின் விட்டங்களில் நேராக உட்காரும் தனி மவுன்ட் போடலாம். இழுவைக் கம்பிகளை மாற்றித் தடித்தவை போடுவதும் நாலுகால் தொட்டியில் நடக்கிற காரியம்தான். அஸ்திவாரம் தூக்கும் நிலை வந்தால் மட்டும் செலவு எகிறும். அப்போது பக்கத்திலேயே ஒரு தனிக் கம்பம் நடச் சொல்லிவிடுவேன். அதைச் சொல்ல இன்ஜினியர் தயங்கக் கூடாது.

சென்னையிலிருந்து கணக்குப் போடும் நான் அறிக்கையில் எதை முக்கியமாக எழுத வேண்டும்?

முத்திரை அந்த மாநிலத்தில் உரிமம் பெற்ற இன்ஜினியருடையது, பொறுப்பும் அவருடையது. ஆனால் எண்கள் உங்கள் கையிலிருந்து போகின்றன. எதை அளந்தது, எதை வரைபடத்திலிருந்து எடுத்தது, எதை நீங்களே வைத்துக்கொண்டது என்று மூன்றையும் பிரித்து முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். "தகடு 0.3125 அங்குலம்" என்று மட்டும் எழுதினால் அளந்ததாகத்தான் நான் எடுத்துக்கொள்வேன். "அளக்கவில்லை, அதே வருடத்து வேறு தொட்டியைப் பார்த்து வைத்தது" என்று எழுதினால், கருவியை எடுத்துக்கொண்டு மறுநாள் காலையில் நானே ஏறிவிடுவேன்.